வரிசையில் கடைசிப் பாட்டில்

'கொட்டிடச் சொல்லி அந்த அக்காகிட்ட நான்தான் குடுத்தேன்.' இவ்வளவுதானே. ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். விலை சொல்வதைப் போல, சில்லறை இல்லை என்பதைப் போல. சொல்லிவிட்டுக் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் பிடிபடவில்லை. சங்கச் செயலாளர் முகத்திலா, தரையிலா, அந்த அக்காவின் கைகளிலா?

கைகள் என்று நினைத்ததும் கம்பி வழுக்கியது.

சோப்புப் பாளம் அறுக்கிற மெல்லிய கம்பி. இரண்டு முனையிலும் குச்சி கட்டியிருக்கும். இழுத்துப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரே சீராக இறக்க வேண்டும். ஊற்றிய மறுநாளே அறுத்திருந்தால் பச்சைக் களிமண்ணில் இறங்குவது போல இறங்கியிருக்கும். நடந்த களேபரத்தில் பாளம் பெட்டியிலேயே கிடந்து இறுகிவிட்டது. ஓரங்கள் உதிர்ந்தன. வெளியே விடாத மழை. அலமாரியில் காயவைத்திருந்த பழைய கட்டிகள் ஈரக்காற்றில் வேர்த்துக்கொண்டிருந்தன.

"மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்துட்டு இருக்காதே. வாயைத் திறந்து சொல்லிப் பாரு, பழகும்" என்றாள் அண்ணி.

"நான் என்ன சொன்னேன்?"

"உதடு அசையுது. எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு?"

அண்ணி அவள் கணவனின் அக்கா. கட்டிகளைக் காகிதத்தில் சுற்றி ஒட்டுவது அவள் வேலை. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த நாளிலிருந்து இந்த மேஜையின் இந்த மூலைதான் அவள் இடம். கை பாட்டுக்கு மடிக்கும், வாய் பாட்டுக்குப் பேசும். இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை.

"குழாயடியில உக்காந்திருக்கறவளுக்கு என்ன போகப்போகுது? பறிச்சுக்க அவளுக்குக் கடையா இருக்கு? நமக்கு இந்தக் கடை போச்சுன்னா மறுபடியும் ரோட்டோரம்தான். வெயில்ல சோப்பு உருகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டதெல்லாம் மறந்து போச்சா உனக்கு? போலீஸ்காரன் வந்தா சாக்கோட தூக்கிட்டு ஓடினோமே, அது?"

"மறக்கல அண்ணி."

"அப்புறம் என்ன?"

"அவங்க வேலை போயிடும்."

"பாட்டில் கழுவற வேலை எங்க போனாலும் கிடைக்கும். உலகத்துல அழுக்குப் பாட்டிலுக்கா பஞ்சம்?"

"வேலையோட போகுமா? நாளைக்கு அதிகாரி வந்து விசாரிக்கப் போறாரு. ஸ்டேஷன்ல கூப்பிட்டு உக்கார வெச்சா?"

"எதுக்குக் கூப்பிடறாங்க? வயசானவ, மறந்து வெச்சுட்டா. மறதி ஒரு குத்தமா?"

"இவரும் மறந்துதானே வெச்சாரு. அப்ப இது மட்டும் எப்படிக் குத்தமாச்சு?"

அண்ணியின் கை நின்றது. சுற்றிக்கொண்டிருந்த காகிதத்தைப் பிரித்து, மறுபடி முதலிலிருந்து மடித்தாள்.

"உன்கிட்ட யாராவது பேசி ஜெயிக்க முடியுமா? அதனாலதானே உன்னைப் பேசச் சொல்றோம்."

அவள் கணவன் அலமாரிப் பக்கம் திரும்பி நின்று கட்டிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிவைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் அவன் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. அவன் முதுகைப் பார்த்தே அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் இந்த முதுகைப் பார்த்து இரக்கப்பட்டிருக்கிறாள். பெண் பார்க்க வந்த அன்றே அவனுக்குப் பதிலாக அண்ணிதான் பேசினாள். அப்புறம் அந்தப் பொறுப்பு இவள் கைக்கு வந்தது. வீட்டுக்காரரிடம், மகளின் டீச்சரிடம், எண்ணெய் விற்கிறவரிடம், வாடிக்கையாளரிடம், எல்லாரிடமும் அவள்தான் அவன் வாய். கடையில் அவள் முன்னால் நிற்பாள், அவன் பின்னால் பலகை ஓரமாக நிற்பான். யாராவது ஏதாவது கேட்டால் அவன் கண் அவள் மேல் வந்து விழும். ஒரு பார்வை. அவள் பேசிவிடுவாள்.

"கல்யாணத்துல சீர் குடுக்கும்போது அவன் வாயையும் சேத்து உன் கையில குடுத்துட்டாங்களா சோப்பம்மா?" என்று எதிர்க் கடை ஆணியண்ணன் கேட்பார். அவர் செருப்புத் தைப்பவர். உதட்டிடுக்கில் சின்ன ஆணிகளை வரிசையாகக் கவ்விக்கொண்டே நாள் முழுக்கப் பேசுவார். ஒரு ஆணிகூடத் தொண்டைக்குள் போனதில்லை. அவர் தொண்டை வெந்துபோனது ஒரு மடக்குத் தண்ணீரில்.

அது தண்ணீர் இல்லை.

*

அவர்கள் சந்தை ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிடங்காக இருந்தது. தகரக் கூரை. உள்ளே பலகை அடித்துத் தடுத்து, கையால் ஏதாவது செய்து விற்கிறவர்களுக்கும் சின்ன வியாபாரிகளுக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருந்தார்கள். கூடை முடைகிறவர், மெழுகுவத்தி ஊற்றும் அக்கா தங்கை, பூட்டு பழுது பார்க்கிறவர், தேன் விற்கிறவள், பழைய துணி தைத்து விற்கிறவள் என்று ஆளுக்கு ஒரு தடுப்பு. பை தைக்கிறவர்தான் சங்கத்துக்குச் செயலாளர். கூரை பொது, கக்கூஸ் பொது, சண்டை பொது. பின்சுவரில் ஒரே ஒரு குழாய்.

அந்தக் குழாயில் காலையில்தான் தண்ணீர் வரும். முதலில் வருகிறவர்கள் கையில் கிடைத்த பாட்டிலை எல்லாம் நிரப்பிச் சுவரோரமாக வரிசையாக நிறுத்திவைப்பார்கள். யாருக்குத் தாகமோ அவர்கள் எடுத்துக் குடித்துக்கொள்ளலாம். யார் பாட்டில், யார் நிரப்பினார்கள் என்று யாரும் கேட்டதில்லை. பெரும்பாலும் நிரப்புவது குழாயடியக்காதான். தேன்காரிக்கும் மற்றவர்களுக்கும் பாட்டில், ஜாடி கழுவிக் கொடுப்பது அவள் பிழைப்பு. பகல் முழுக்கக் குழாயடியிலேயே இருப்பதால் அந்தப் பெயர்.

'செய்து காட்டும் நாள்' என்பது செயலாளரின் யோசனை. "செஞ்சு வெச்சதை விக்கிறதை விட, செய்யறதைக் காட்டினா ஜனம் நிக்கும்" என்றார். சோப்புக்குக் கரைக்கிற காஸ்டிக் காரம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் வீட்டுச் சட்டம். எண்ணெயோடு சேர்கிறவரை அது தோலைத் தின்கிற சாமான். அவன் முழங்கையில் பழைய தழும்புகள் இருக்கின்றன. மகள் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து அது உச்சிப் பரண் மேலேயே இருக்கும். "வேண்டாம் சார்" என்று அவள் செயலாளரிடம் சொன்னாள். "ஒரு நாளைக்குத்தானேம்மா" என்றார் அவர். வீட்டிலேயே கரைத்து ஆறவைத்து, குடிதண்ணீர் வாங்கின பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, சாக்குப்பைக்குள் நிறுத்தி, அவன் மடியில் வைத்துக்கொண்டு வந்தான்.

ஜனம் நின்றது. அவன் எண்ணெயில் ஊற்றிக் கலக்க, கலக்க, கலவை இறுகி, கரண்டி இழுத்த கோடு மேலே அப்படியே நின்றபோது யாரோ கை தட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். அவள் பேசினாள், அவன் கலக்கினான். எண்ணெய் குறைவாக இருந்ததால் பாட்டிலில் பாதி மீந்துவிட்டது. அதைக் கொட்டக் குழாயடிக்குக் கொண்டுபோனான். குழாய் வறண்டு கிடந்தது. தண்ணீர் விட்டுக் கழுவாமல் கொட்டினால் யார் காலிலாவது படும். மூடியை இறுக்கிச் சுவரோரமாக வைத்தான். குழாயடியக்கா அப்போது அங்கே இல்லை. "சோப்புக்காரரே, இங்க வாங்க, ஒரு போட்டோ" என்று யாரோ கூப்பிட்டார்கள். வந்தான். கூட்டத்துக்கு நடுவில் நின்று சிரித்தான்.

அவள் அவனை அப்படிச் சிரித்துப் பார்த்ததே இல்லை. பல் தெரிய, கூச்சமில்லாமல். இப்போது கண்ணை மூடினால் ஆணியண்ணன் கீழே விழுந்து புரண்டது வருவதில்லை, அந்தச் சிரிப்புதான் வருகிறது.

அன்று மத்தியானம் ஆணியண்ணன் ஆணிகளைக் கையில் துப்பிவிட்டு எழுந்துபோய், வரிசையின் கடைசிப் பாட்டிலை எடுத்து அண்ணாந்தார். அவர் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. எல்லாரும் அவரைப் பார்த்து ஓடினார்கள். அவள் கணவன் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று சுவரோர வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்த நிமிடமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அவன் வாய்விட்டுச் சொன்னது அதற்கப்புறம்தான். "கொட்டத்தான் போனேன்" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். மறுநாள் அண்ணி செயலாளரிடம் போய், பாட்டிலைக் குழாயடியக்காவிடம் கொடுத்ததாகச் சொல்லிவைத்துவிட்டு வந்தாள்.

*

சந்தைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரியில் இறங்கினாள். கணவன் வெளியே கூரைக்குக் கீழேயே நின்றுகொண்டான். "நீ பாத்துட்டு வா" என்றான்.

ஆணியண்ணனுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். உதடு கறுத்து வீங்கியிருந்தது. பக்கத்தில் அவர் தங்கை உட்கார்ந்து, பாத்திரத்தில் கஞ்சியை வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"இதைத்தான் குழாயில விடறாங்க. உப்புக்கூட தெரியாது. ருசி பாக்க நாக்கு எங்க இருக்கு?" என்றாள் தங்கை. "இனிமே முழுங்க முடியுமான்னு டாக்டரைக் கேட்டா, பாக்கலாம் பாக்கலாம்ங்கறாரு. என்ன பாக்கலாம்? அவரா முழுங்கப்போறாரு?"

அவள் கட்டிலருகே போனாள். ஆணியண்ணன் கண்ணைத் திறந்தார். அவளைக் கண்டுகொண்டார். மெதுவாகக் கையைத் தூக்கி, இரண்டு விரலால் மூக்கைப் பிடிக்கப் போய், குழாய் தடுக்க, காற்றில் பிடித்துக் காட்டினார். தினமும் காலையில் அவள் கடை திறக்கும்போது செய்கிற சேட்டை. 'வந்துட்டா, ஊரையே மணக்க வைக்க' என்று அர்த்தம்.

அவளும் வழக்கம்போல ஏதாவது பதிலுக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் காத்திருந்தார். ஊரெல்லாம் பேசுகிற அவள், பேசவே முடியாத அவர் முன்னால் ஊமையாக நின்றாள்.

"யாரும்மா அங்க வெச்சது?" என்று தங்கை கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. களைத்துப்போன குரல். "குழாயடியில இருக்கறவங்கதான்னு நேத்து செயலாளர் வந்து சொன்னாரு. அந்தம்மாதான் தினமும் இவருக்கு டீ வாங்கிக் குடுக்கும். அதைத் திட்டவும் மனசு வரல. திட்டாம இருக்கவும் முடியல."

அவள் கட்டில் விளிம்பைத் தொட்டுவிட்டு வெளியே வந்தாள். கணவன் குடையை விரித்தான். எப்படி இருக்கிறார் என்று அவன் கேட்கவில்லை. ஒரே குடைக்குள் தோள் இடிக்க நடந்தார்கள். அவன் குடையை அவள் பக்கமாகச் சாய்த்துப் பிடித்திருந்தான். அவன் பாதித் தோள் நனைந்துகொண்டே வந்தது. இவன் கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

*

கிடங்குக்குள் கூரை ஒழுகும் இடங்களில் எல்லாம் வாளி வைத்திருந்தார்கள். ஆணியண்ணன் கடையில் பாதி தைத்த ஒரு செருப்பு கட்டையில் மாட்டியபடியே இருந்தது. வாங்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். குழாயடிச் சுவரோரம் காலியாக இருந்தது. இப்போது ஆளுக்கொரு பாட்டில் வீட்டிலிருந்து கொண்டுவந்து, கடைக்குள் ஒளித்துவைத்துக் குடிக்கிறார்கள். வரிசை நின்ற இடத்தில் சிமெண்டில் வட்ட வட்டமாகப் பாட்டில் நின்ற கறை மட்டும் மிச்சம்.

அவள் சோப்பை அடுக்கிவிட்டுக் கை கழுவப் போனாள். குழாயடியக்கா ஒரு ஜாடிக்குள் கையைவிட்டுத் துழாவித் துழாவித் தேய்த்துக்கொண்டிருந்தாள். எந்நேரமும் ஈரத்தில் ஊறி அவள் உள்ளங்கை வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

"சோப்பம்மா, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்கக்கா."

"அன்னிக்கு நீ என் கையில ஏதாவது குடுத்தியா?"

அவள் குழாயைத் திறந்தாள். இருமி இருமித் தண்ணீர் வந்தது.

"செயலாளரு சொல்றாரு, இது காஸ்டிக்கு, கீழ கொட்டிடுங்கன்னு நீ சொல்லிக் குடுத்தியாமே. நான் வரிசையில வெச்சுட்டேனாம். நான் அப்படி வாங்கவே இல்லையேன்னு முதல்ல சண்டை போட்டேன். அப்புறம் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கிட்டே யோசிக்கறேன், யோசிக்கறேன்... அன்னிக்கு என்ன கூட்டம்! ஆளாளுக்குப் பாட்டிலை நீட்டறாங்க. நீயும் நீட்டியிருப்பே. நான்தான் காது குடுக்காம வாங்கி வெச்சுட்டேன் போல."

"அக்கா..."

"இரு, சொல்லிக்கறேன். இப்ப யோசிக்க யோசிக்க உன் குரல்கூட காதுல கேக்கற மாதிரி இருக்கு. 'பத்திரம்க்கா'ன்னு சொன்னே இல்ல? நீ எப்பவும் அப்படித்தானே சொல்லுவே." ஜாடியைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தாள். "மருமக சொல்றா, போன வாரம் அடுப்பை அணைக்காம வந்துட்டேனாம். இருக்கும். எனக்கு இப்பல்லாம் எதுவும் நிக்கறதில்ல. அந்த மனுஷன் எத்தனை பேச்சுப் பேசுவாரு! அவரு வாயை நானே அடைச்சுட்டேனே."

அழவில்லை. அடுத்த ஜாடியை எடுத்தாள். அதற்குள் கையைவிட்டாள்.

செய்யாத ஒன்றை ஒருத்தி தன் ஞாபகத்துக்குள் தானே செய்துகொண்டிருந்தாள். சொல்ல வேண்டியவள் இன்னும் வாயைத் திறந்து பொய் சொல்லக்கூட இல்லை. அதற்குள் அது நடந்ததாகிவிட்டது. அவள் குரலோடு, அவள் சொல்லும் 'பத்திர'த்தோடு. அவள் ஈரக் கையைத் துடைக்காமலே கடைக்குத் திரும்பினாள்.

*

மத்தியானம் கூட்டம் குறைந்த பிறகு செயலாளர் தன் கடையில் எல்லாரையும் கூப்பிட்டார். தையல் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெட்டிப்போட்ட துணிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டிருந்தார். அண்ணியும் வந்து தூணோரமாக நின்றுகொண்டாள். மழை தகரத்தில் கொட்டிய சத்தத்தில் எல்லாரும் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"நாளைக்கு அதிகாரி வர்றாரு" என்றார் செயலாளர். "சாமானை உள்ள விட்டது யாருன்னு கேப்பாரு. அது என் தப்பு, என்னைத் திட்டினா வாங்கிக்கறேன். ஆனா அதைக் கொண்டுபோய்க் குடிதண்ணில வெச்சது யாருங்கறதுதான் பெரிய கேள்வி. கடைக்காரங்கன்னு ஆச்சுன்னா கடையைக் காலி பண்ணச் சொல்லுவாங்க. ஒரு கடையோட நிக்குமா? மொத்தக் கிடங்கையும் பூட்டிடுவாங்க. அதனால எல்லாரும் ஒரே பேச்சா இருக்கணும்."

"அவ்வளவு பேரு பொழைப்பு இருக்குல்ல" என்றார் கூடை முடைகிறவர், யாரையும் பார்க்காமல்.

"நீ சொல்லும்மா. என்ன நடந்ததுன்னு எல்லாரும் கேக்கற மாதிரி ஒரு தடவை சொல்லிடு."

அவள் எழுந்து நின்றாள். வழக்கம்போல அவள் முன்னால், அவன் ஓரடி பின்னால். காலையிலிருந்து சொல்லிப் பார்த்த சொற்கள் வாய்க்குள் தயாராகத்தான் இருந்தன.

அதற்குள் குழாயடியக்கா பேசினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பொண்ணை ஏன் சார் நிக்க வெச்சுக் கேக்கறீங்க? நான்தான் வெச்சிருக்கணும். ஒத்துக்கறேன். என்னைத் தவிர யாரு அங்க பாட்டில் வெக்கறது?"

கடைக்குள் ஒரு பெருமூச்சு பரவியது. ஒரே நேரத்தில் பலர் விட்ட மூச்சு. பூட்டுக்காரர் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டார். மெழுகுவத்திக்கார அக்கா குழாயடியக்காவின் தோளைத் தொட்டாள்.

"அவங்களே சொல்லிட்டாங்க" என்றார் செயலாளர். குரல் இளகியிருந்தது. "இதுக்கு மேல நீ விளக்கமா சொல்லணும்னுகூட இல்லம்மா. ஆமான்னு ஒரு வார்த்தை. தலையை ஆட்டினாகூடப் போதும்."

தூணோரத்திலிருந்து அண்ணி கண்ணால் சொன்னாள்: ஆட்டு.

எவ்வளவு சின்ன வேலை. கழுத்து கொஞ்சம் அசைந்தால் போதும். ரோட்டோரம் இல்லை, வெயில் இல்லை, மகளின் பள்ளிக்கூடம் நிற்காது. அவள் குழாயடியக்காவின் கைகளைப் பார்த்தாள். சுருங்கி வெளுத்த கைகள். முந்தானையை இறுகப் பிடித்திருந்தன.

"அக்கா" என்றாள் அவள். "நான் உங்ககிட்ட எதுவுமே குடுக்கல. நீங்க எதையும் மறக்கல."

தூணோரத்தில் அண்ணி முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"அப்ப?" என்றார் செயலாளர். "யாரு வெச்சது? சொல்லு, சொல்லித் தொலை."

திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது, அந்தப் பார்வை வந்து தன் மேல் விழுந்துவிட்டது என்று. விலை கேட்டால் விழுகிற, வீட்டுக்காரர் கதவைத் தட்டினால் விழுகிற, டீச்சர் கூப்பிட்டால் விழுகிற அதே பார்வை. நீ பேசு. இதையும் நீயே பேசிவிடு. பொய்யோ நிஜமோ, எதுவானாலும் உன் வாயாலேயே போகட்டும்.

அவள் ஓரடி பின்னால் வைத்தாள். பிறகு இன்னும் ஓரடி. அவனைத் தாண்டி, பலகைத் தடுப்பு ஓரமாக, எப்போதும் அவன் நிற்கிற இடத்தில் போய் நின்றுகொண்டாள். முன்னால் இப்போது அவன் மட்டும் இருந்தான்.

"உன்னைத்தாம்மா கேக்கறேன்" என்றார் செயலாளர்.

"நான் பேசல சார்" என்றாள் அவள். "அவரைக் கேளுங்க."